அரசனுடைய பக்தி

ஓர் அரசன் தன் உள்ளத்தில் ஒரு தெய்வத்தை வரித்துக்கொள்வது அவனுடைய சொந்தக் காரியந்தானா, அல்லது அவன் ஆளும் குடிகளுடைய காரியமும் ஆகுமா என்ற கேள்வி மிகப் பழமையானது. சாதாரண மனிதன் ஒருவன் தன் இஷ்ட தெய்வத்தை மாற்றிக்கொண்டால், வீட்டில் ஒரு விளக்கு இடம் மாறுவதோடு விஷயம் முடிந்துவிடும். சிங்காதனத்தில் இருப்பவன் மாற்றிக்கொண்டாலோ, கோயில்களின் வருவாய் மாறும், திருவிழாக்களின் வரிசை மாறும், புரோகிதர்களின் முகம் மாறும், கடைசியில் ராஜ்யத்தின் விதியே மாறினும் மாறும். இந்தக் கேள்வியை எண்ணும்போதெல்லாம் என் மனம் அரேபியாவின் வடமேற்கில், நெஃபூது என்னும் பெருமணற்காட்டின் மேற்கு விளிம்பில் இருக்கும் தைமா என்ற பாலைவனச் சோலையையே நாடிச் செல்கிறது. ஏனெனில், உலகத்தின் மிகப் பெரிய நகரத்தை ஆண்டுகொண்டிருந்த சக்ரவர்த்தி ஒருவன், தன் தெய்வத்தின் பொருட்டு என்று சொல்லிக்கொண்டு, அந்நகரத்தை விட்டு நீங்கி, இந்தப் பேரீச்சந்தோப்புகளின் நடுவே பத்து ஆண்டுகள் வசித்தான்.

தைமாவின் பெருமை அதன் தண்ணீர். சுற்றிலும் கல்லும் மணலுமாகக் கிடக்கும் பூமியில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஓர் ஏரி நிறைந்திருந்தது என்பதற்கு, இன்று உப்புப் பூத்துக் கிடக்கும் தாழ்நிலத்தின் அடியில் படிந்திருக்கும் வண்டல் அடுக்குகள் சான்று கூறுகின்றன. ஏரி வற்றிய பின்னும் நிலத்தடி நீர் வற்றவில்லை. ஊரின் நடுவே உள்ள ஹத்தாஜ் என்னும் கிணறு, ஏறத்தாழ 18 மீட்டர் விட்டமுடையது. கிணறு என்று சொல்வதைவிடக் குளம் என்று சொல்லலாம்போல் அகன்றது. அதன் விளிம்பைச் சுற்றிலும் மரச் சகடைகளை நிறுத்தி, பல பத்து ஒட்டகங்கள் ஒரே சமயத்தில் நீர் இறைத்துவந்த காட்சி சென்ற நூற்றாண்டு வரையிலும் காணக்கிடைத்தது. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வழிப்போக்கன் வருவான். வழிப்போக்கன் வரும் இடத்துக்கு வியாபாரம் வரும். வியாபாரம் வரும் இடத்துக்குத் தெய்வங்களும் வரும். தென் அரேபியாவின் சாம்பிராணியையும் குங்கிலியத்தையும் சுமந்துகொண்டு வடக்கே சென்ற ஒட்டகச் சாத்துகள் இங்கே தங்கி இளைப்பாறின. எகிப்திய அரசன் மூன்றாம் ராம்சேஸின் பெயர் பொறித்த பாறை ஒன்று தைமாவின் அருகே கிடைத்ததாக 2010-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது, அவன் கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். அசீரியச் சக்ரவர்த்தி மூன்றாம் திக்லத்பிலேசருக்குக் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் திறை செலுத்தியவர்களின் பட்டியலில் தைமாவின் பெயரும் உண்டு. விவிலியத்தைப் படித்தவர்கள் இவ்வூரைத் ‘தேமா’ என்ற பெயரால் அறிவார்கள். யோபுவின் புத்தகம் இதன் வணிகச் சாத்துகளைக் குறிப்பிடுகிறது. ஏசாயாவோ, வாளுக்குத் தப்பி ஓடிவருகிறவர்களுக்கு அப்பமும் தாகித்தவர்களுக்குத் தண்ணீரும் கொண்டுவரும்படி இத்தேசத்தாரை வேண்டுகிறார். ஓர் ஊரைப் பற்றிப் பழைய நூல் ஒன்று சொல்லத்தக்க வார்த்தைகளில் இதைவிட உயர்ந்தது வேறென்ன இருக்க முடியும்?

இவ்வூருக்கு வந்து சேர்ந்த அரசன் நபோனிடஸ். பாபிலோனின் கடைசிச் சுதேச மன்னனாகிய அவன் கி.மு. 556 முதல் 539 வரை ஆண்டான். அவன் அரச வம்சத்தில் பிறந்தவனல்லன். ஆகையால், அவனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் தந்தையின் குலத்தை ஆராய்வதைவிட, அவன் தாயின் பக்தியை ஆராய்வதே பயன் தரும். அத்தாகுப்பி என்ற அந்த அம்மையார், வடக்கே ஹாரான் நகரத்தில் கோயில்கொண்டிருந்த சின் என்னும் சந்திர தேவனுடைய அடியவள். கி.மு. 610-ஆம் ஆண்டில் போரின் கொடுமையால் ஹாரான் சூறையாடப்பட்டு, ‘மகிழ்ச்சி இல்லம்’ என்று பொருள்படும் எஹுல்ஹுல் ஆலயம் பாழடைந்தபோது, அவள் நல்லாடை நீத்தாள், ஆபரணம் நீத்தாள், வாசனைத் திரவியங்களை நீத்தாள். கிழிந்த உடை உடுத்து, தன் தெய்வம் மறுபடியும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரே பிரார்த்தனையோடு காலங்கழித்தாள். இவையெல்லாம் அவள் பெயரால் பொறிக்கப்பட்ட சாசனத்திலேயே இருக்கின்றன. நூறு வயதுக்கு மேல் வாழ்ந்த அவள், தன் மகன் அரசனானதையும் கண்டாள். மகனுடைய உள்ளத்தில் சந்திரனுடைய ஒளி எங்கிருந்து விழுந்தது என்று நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

நபோனிடஸைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். புராதன வஸ்து ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள எவருக்கும் அவனிடத்தில் ஒரு பாசம் பிறப்பதற்கு அதுவே காரணம். பழைய கோயில்களைப் புதுப்பிக்கப் புகுந்தபோது, மேலே தெரிந்த சுவரின் மீது சுவர் எழுப்புவதில் அவனுக்குத் திருப்தியில்லை. ஆதியில் இட்ட அஸ்திவாரம் எதுவோ அதைக் கண்டு, அதன்மீதே எழுப்ப வேண்டும் என்று ஆழத் தோண்டச் செய்தான். சிப்பார் நகரத்துச் சூரியன் கோயிலின் அடியில் நராம்சின் என்னும் பண்டை மன்னனுடைய அஸ்திவாரச் சாசனத்தைக் கண்டெடுத்து, அது 3,200 ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாதிருந்தது என்று மகிழ்ந்து எழுதிவைத்தான். கணக்கில் பிழை உண்டு; உண்மையில் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளே ஆகியிருக்கும். ஆனால், மண்ணுக்கடியில் காலம் அடுக்கடுக்காக உறங்குகிறது என்பதை அறிந்து, அந்த அடுக்குகளை வணக்கத்தோடு திறந்து பார்த்த அரசர்கள் உலக சரித்திரத்தில் எத்தனை பேர்? கி.மு. 554-இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தைத் தெய்வத்தின் கட்டளையாகக் கொண்டு, அவன் தன் மகளை ‘ஊர்’ என்னும் பண்டை நகரத்துச் சந்திரன் கோயிலின் தலைமைப் பூசகியாக்கினான். வழக்கொழிந்துபோயிருந்த அந்தப் பதவியைப் பழைய சாசனங்களைப் பார்த்தே மீட்டுக்கொடுத்தான். இத்தகையவனை வெறும் பித்தன் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒருப்படவில்லை.

பித்தன் என்று ஒதுக்கியவர்கள் அவனுடைய விரோதிகள். பாபிலோனின் பெருந்தெய்வம் மர்துக். அத்தெய்வத்தின் எசகிலா ஆலயத்துப் புரோகிதர்கள் செல்வாக்கு மிக்கவர்கள். பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றிய பிறகு எழுதப்பட்ட ஒரு வசைச் செய்யுள், நபோனிடஸ் ஒருவரும் கண்டறியாத ஓர் உருவத்தைச் செய்து பீடத்தில் ஏற்றிச் சந்திரன் என்று பெயரிட்டான் என்றும், தன் எண்ணம் நிறைவேறும் வரையில் திருவிழாக்களை நிறுத்திவைப்பேன் என்று கூறினான் என்றும், மூத்த மகனிடம் ராஜ்ய பாரத்தை ஒப்படைத்துவிட்டுத் தொலைதூரம் சென்று, தைமாவின் தலைவனைக் கொன்று, ஊராருடைய ஆடு மாடுகளை வெட்டி, பாபிலோனின் அரண்மனையைப் போல ஓர் அரண்மனை கட்டிக்கொண்டான் என்றும் குற்றஞ்சாட்டுகிறது. அந்த மகன்தான் தானியேலின் புத்தகத்தில் வரும் பெல்ஷாத்சார். நபோனிடஸின் தரப்பு வேறு. ஹாரானில் அவன் நிறுத்திய சாசனக் கல்லில், பாபிலோன் மக்களும் மற்றப் பெருநகரங்களின் மக்களும் சந்திர தேவனுக்கு அபசாரம் செய்து, நோயாலும் பஞ்சத்தாலும் ஒருவரையொருவர் நாய்களைப் போலக் கடித்துத் தின்றார்கள் என்றும், அத்தெய்வமே தன்னை நகரத்திலிருந்து வெளியேற்றி, தைமா, ததனு, பதக்கு, ஹிப்ரா, யதிஹு, யத்ரிபு ஆகிய ஊர்களுக்கிடையே பத்து ஆண்டுகள் சஞ்சரிக்கச் செய்தது என்றும், குறித்த காலம் வந்ததும் திரும்ப அழைத்தது என்றும் சொல்லிக்கொள்கிறான். யத்ரிபு என்பது பிற்காலத்தில் மதீனா என்று உலகம் போற்றும் நகரமே.

அந்த ஹாரான் கற்களுக்கு நேர்ந்த கதியை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1956-இல் அவற்றைக் கண்டெடுத்தபோது, அவை ஹாரானின் பெரிய பள்ளிவாசலின் வாயில்களில், எழுத்துள்ள முகம் மண்ணை நோக்கிக் கவிழ்ந்திருக்க, படிக்கற்களாகக் கிடந்தன. தொழுகைக்கு வந்தவர்கள், ஒரு காலத்தில் தெய்வங்களுக்கெல்லாம் அரசன் என்று ஸ்தாபிக்கப்பட்ட ஒரு தெய்வத்தின் சாசனத்தின் மேல், அறியாமலே கால் வைத்து, வேறொரு பரம்பொருளைத் தொழ உள்ளே சென்றிருக்கிறார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கல் கல்லாகப் பயன்பட்டது.

அரசன் தைமாவுக்குச் சென்றது உண்மை என்பதில் இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. 2004 முதல் சவூதி அரேபிய, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்திய அகழ்வாராய்ச்சியில், நபோனிடஸுடையது என்று கொள்ளத்தக்க சாசனக் கல்லின் துண்டு தைமாவிலேயே கிடைத்திருக்கிறது. ஊரைச் சூழ்ந்த பாறைகளில், உள்ளூர் எழுத்தில், பாபிலோன் மன்னன் நபோனிடஸின் ஊழியன் தான் என்று ஒருவன் தன் பெயரைக் கீறிவைத்திருக்கிறான். பதக்கு என்னும் பழைய ஊராகக் கருதப்படும் அல்ஹாயித்தில், கையில் கோலேந்தி நிற்கும் அரசனுடைய உருவமும், எதிரே பிறை முதலிய தெய்வச் சின்னங்களும், 26 வரி ஆப்பெழுத்தும் கொண்ட பாறை ஒன்று கிடைத்ததாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஏன் சென்றான் என்பதற்குச் சாம்பிராணி வழியைக் கைப்பற்றச் சென்றான் என்று சிலரும், புரோகிதர்களோடு பகைத்துச் சென்றான் என்று சிலரும், நோய்வாய்ப்பட்டுச் சென்றான் என்று சிலரும் கூறுவார்கள். சாக்கடல் ஓரத்துக் குகைகளில் அகப்பட்ட அரமேயச் சுருளின் துண்டு ஒன்றிலும், இவ்வரசன் ஏழு ஆண்டுகள் கொடிய நோயால் வருந்தினான் என்ற கதை இருக்கிறது. நேபுகாத்நேச்சார் புல் மேய்ந்த விவிலியக் கதைக்கு மூலம் அதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். இவற்றுள் ஒன்றுதான் மெய்யென்று கொள்ளவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. மனிதன் ஒரு பெரிய முடிவுக்கு வரும்போது, வயிறும் மனமும் ஆன்மாவும் ஒரே திசையில் இழுப்பது உண்டு.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. பாபிலோனில் ஆண்டுதோறும் நிசான் மாதத்தில் அகீத்து என்னும் புத்தாண்டுத் திருவிழா நடைபெறும். பிற்காலச் சடங்கு ஏடுகள் அதன் ஒரு பகுதியை விவரிக்கின்றன: அரசன் மர்துக்கின் சந்நிதிக்குள் வந்ததும், தலைமைப் புரோகிதன் அவனுடைய செங்கோலையும் முடியையும் மற்ற ராஜ சின்னங்களையும் வாங்கிக்கொண்டு, அவன் கன்னத்தில் அறைவான், காதைப் பிடித்து இழுத்து மண்டியிடச் செய்வான், வெறுங்கையனாய் மண்டியிட்ட அரசன், நகரத்துக்குத் தான் தீங்கு செய்யவில்லை என்றும், குடிமக்களை அவமதிக்கவில்லை என்றும் தெய்வத்தின் முன் கணக்குச் சொல்வான், அதன் பிறகே சின்னங்கள் அவன் கைக்குத் திரும்பும், மறுபடியும் ஓர் அறை விழும், அதில் கண்ணீர் வழிந்தால் தெய்வம் பிரசன்னமாயிற்று என்று பொருள். மனிதகுலம் கண்ட ராஜரீகச் சடங்குகளில் இதைப் போல என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்றில்லை. மூன்று லோகமும் நடுங்க ஆண்டாலும், வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு கிழப் புரோகிதனுடைய கைக்கு உன் கன்னத்தைக் கொடு என்று கட்டளையிட்ட அந்த நாகரிகம், அரசனுக்கும் தெய்வத்துக்கும் நடுவே குடிகளை நிறுத்திவைத்தது.

நபோனிடஸ் காலத்து நாளாகமம், ஏழாம் ஆண்டுக்கும், ஒன்பதாம் ஆண்டுக்கும், பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே செய்தியையே திரும்பத் திரும்ப எழுதுகிறது: அரசன் தைமாவில் இருந்தான், நிசான் மாதத்தில் பாபிலோனுக்கு வரவில்லை, மர்துக் புறப்படவில்லை, அகீத்து நடைபெறவில்லை. அந்த ஒன்பதாம் ஆண்டில்தான் அவனுடைய தாய் இறந்தாள். இளவரசனும் சேனையும் மூன்று நாள் துக்கம் காத்தார்கள் என்று எழுதும் அதே நாளாகமம், அவ்வாண்டும் அரசன் தைமாவில் இருந்தான் என்பதையே முதலில் எழுதிவைத்தது. கோயில்களில் தினசரி ஆராதனைகள் வழக்கம்போல் நடந்தன, நைவேத்தியம் குறையவில்லை, தெய்வத்துக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. நின்றுபோனது ஒன்றே ஒன்று: அரசன் கணக்குச் சொல்வது.

நான் அவனுடைய பக்தியைக் குற்றமென்று சொல்லமாட்டேன். பாழடைந்த கோயிலுக்காக நெடுங்காலம் கிழிந்த ஆடை உடுத்திய ஒரு தாயின் கண்ணீரைக் கண்டு வளர்ந்தவன், அந்தக் கோயிலைக் கட்டியெழுப்ப வேண்டுமென்று துடித்ததில் என்ன பிழை? தன் தெய்வமே தலைசிறந்தது என்று நம்பியதிலும் பிழையில்லை. நம்புகிறவன் வேறெப்படி நம்புவான்? தன் தெய்வத்தினிடம் போகவேண்டும் என்ற ஆவலில், தன்னைக் கேள்வி கேட்கும் உரிமையுடையவர்கள் இருந்த இடத்தைவிட்டு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரம் அவன் விலகிப் போனான். அங்கேதான் அவன் தவறினான். ஒருவனுடைய பக்தி அவனுடைய சொந்தக் காரியமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவன் ஏற்றுக்கொண்ட பதவிக்குரிய கடன் அந்தப் பக்தியால் தடைப்படக் கூடாது. பாலைவனத்துக்குப் போகும் துறவி சிங்காதனத்தை விட்டுவிட்டுப் போகிறான். நபோனிடஸோ சிங்காதனத்தையும் விடவில்லை, பாலைவனத்தையும் விடவில்லை. துறவுக்குரிய ஏகாந்தத்தையும் அரசுக்குரிய அதிகாரத்தையும் ஒருசேரக் கைக்கொள்ள விரும்பியவன், இரண்டின் தண்டனையையும் ஏற்க நேர்ந்தது. அவன் திரும்பிவந்தான், ஹாரான் கோயிலை எழுப்பினான், கடைசியாக, கி.மு. 539-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அகீத்துவையும் முறைப்படி நடத்தினான். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே பாபிலோன் சைரஸின் வசமாயிற்று. மர்துக்கே ஒரு நல்லரசனைத் தேடி, சைரஸின் கையைப் பிடித்து அழைத்துவந்தான் என்று சைரஸின் களிமண் உருளை பறைசாற்றிற்று. பத்து ஆண்டுகள் கன்னத்தை ஒளித்துவைத்தவனுக்கு ஒரே அறையாக விழுந்தது.

சந்திர தேவன் என்ன ஆனான்? பாபிலோனில் அவனுக்குக் கிடைத்த முதன்மை, அவனை ஏற்றிவைத்த அரசனோடு போயிற்று. தைமாவிலோ கதை வேறு விதமாக நடந்தது. அதைச் சொல்லும் கல் இன்று பாரிஸ் நகரத்து லூவ்ர் கண்காட்சிசாலையில் இருக்கிறது. 1880-களில் அரேபியாவில் யாத்திரை செய்த ஷார்ல் ஹ்யூபர், யூலியுஸ் ஆய்டிங் என்பவர்கள் மூலமாக ஐரோப்பாவுக்குத் தெரியவந்த அந்தக் கல்லில், ஒரு பக்கத்தில் அசீரியப் பாணியில் நீண்ட அங்கியணிந்த உருவமும், அதன் கீழே பலிபீடத்தின் முன் நிற்கும் ஒரு பூசகனின் உருவமும், முகப்பில் அரமேய எழுத்தும் உள்ளன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டிய அந்தச் சாசனம், தைமாவுக்கு ஒரு புதிய தெய்வம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்கிறது. தெய்வத்தின் பெயர் ஹஜமின் சல்ம். ‘சல்ம்’ என்ற சொல்லுக்கே பிம்பம், விக்கிரகம் என்று பொருள். அந்த விக்கிரகத்தைப் பிரதிஷ்டை செய்தவன் சல்ம்ஷெஜெப். அவனுடைய தந்தையின் பெயர் பெத்தோசிரி, அது தூய எகிப்தியப் பெயர். எகிப்தியப் பெயருடைய ஒருவனின் மகன், அரமேய மொழியில், அசீரியப் பாணி உருவத்தோடு, அரேபியச் சோலையில் ஒரு தெய்வத்தைக் குடியேற்றுகிறான்!

குடியேற அனுமதி தருகிறவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தைமாவின் தெய்வங்கள் என்று அந்தச் சாசனம் மூவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது: மஹ்ரமின் சல்ம், ஷிங்கலா, அஷீரா. பழைய மூவரும் சேர்ந்து புதியவருக்கு மானியம் அளிக்கிறார்கள்; பூசகனையும் அவன் சந்ததியையும் அந்தக் கோயிலிலிருந்து எவரும் வெளியேற்றலாகாது என்று காப்பும் அளிக்கிறார்கள். மூவரில் நடுவே நிற்கும் ஷிங்கலா என்ற பெயருக்குள், நபோனிடஸ் கொண்டாடிய அந்தச் சின் தேவனே இருக்கிறான் என்று அறிஞர் பலர் கருதுவர். அது மெய்யானால், பாபிலோன் முழுவதும் யாருடைய காலடியில் விழவேண்டும் என்று ஓர் அரசன் போராடினானோ, அந்தத் தெய்வம், அரசன் மறைந்து சில தலைமுறைகளுக்குப் பிறகு, அவன் வாழ்ந்த அதே ஊரில், இருபுறமும் வேறு தெய்வங்களோடு சமமாக நின்று, நாலாவதாக வந்தவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வந்தவனுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துப் பழகிய ஊரில் தெய்வங்களும் அந்த ஊர் வழக்கத்தையே மேற்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது.

மானியம் இன்னதென்றும் அந்தக் கல் சொல்கிறது. நிலத்திலிருந்து 16 பேரீச்ச மரங்கள். அரசனுடைய உடைமையிலிருந்து 5 பேரீச்ச மரங்கள். ஆக 21 மரங்கள், ஆண்டுதோறும்.